பூசை முடிவதற்குள்

மெயின் ரோடு வந்ததும் ஏறிவிட வேண்டும். ஒன்பது மணிப் பூசை முடிவதற்குள் ஏறிவிட வேண்டும், அதுவும் நாலு மிதி மிதித்துவிட்டு இறங்கிவிடாமல், ஆபீஸ் வரைக்கும். இந்தத் தெருவைப் பற்றிக் கவலை இல்லை. பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டி, அரைகுறையாக மூடி, மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். இங்கே எல்லோருமே வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போகிறார்கள், ஸ்கூட்டிக்காரர்கள்கூட இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு வாத்து மாதிரிப் போகிறார்கள். அதனால் ஹாஸ்டல் வாசலிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் நானும் எல்லோரையும் போல ஒருத்தி. வார்டன் அக்கா மாடியில் துணி உலர்த்திக்கொண்டே, "பார்த்துப் போ சங்கவி, இப்பதான் கை கூடியிருக்கு" என்றபோது சரிக்கா என்றேன். பார்த்துத்தான் போகிறேன், என்னைவிடப் பார்த்துப் போகிறவள் திருச்சியில் இருக்க முடியாது, ஏனென்றால் நான் சைக்கிளில் ஏறுவதே இல்லை. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடக்கிறேன். உறையூரிலிருந்து கன்டோன்மென்ட் வரைக்கும் இப்படித்தான், சில வாரங்களாக. ஆபீஸ் கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்போதுதான் இறங்கியவள் போல சைக்கிளை உள்ளே உருட்டுகிறேன். செக்யூரிட்டி துரைக்கண்ணு அண்ணன், "என்ன பாப்பா, உறையூர்லேருந்து வர்றியா, ஊட்டி மலையேறி வர்றியா, இப்படி வேர்த்திருக்கு" என்று தினமும் ஒரே கேள்வியைப் புதிதாகக் கேட்பது போலக் கேட்கிறார். நானும் புதிதாகச் சிரிப்பது போலச் சிரிக்கிறேன். அவரிடம் நான் பொய் எதுவும் சொல்லவில்லை, சிரிக்கத்தான் செய்தேன் என்று லிஃப்டில் போகும்போது நினைத்துக்கொள்வேன், அப்படி நினைத்துக்கொள்ள வேண்டியிருப்பதே பொய்தான் என்றும் தோன்றும். ஆடிட்டர் ஆபீஸில் நாள் முழுக்க மற்றவர்களுடைய கணக்கில் எது எங்கே பொருந்தவில்லை என்று பார்ப்பதுதான் என் வேலை. அந்த வேலையை நன்றாகச் செய்கிறேன் என்று சொல்கிறார்கள்.

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, வேளாங்கண்ணி போயிருக்கிற சகாயம்மாவிடமிருந்து போட்டோ வந்தது. உள்ளங்கையில் ஒரு சின்னக் கை. வெள்ளித் தகட்டில் வெட்டியது, ஐந்து விரலும் ஒரே நீளமாக, மணிக்கட்டில் நூல் கோத்துத் தொங்கவிட ஒரு துளையோடு. கீழே, "காலை வணக்கம் கண்ணு. மாதாவுக்கு நன்றி." வழக்கமாக அனுப்பும் ரோஜாப்பூப் படம் இல்லை. அது வலது கை என்பதுதான் முதலில் என் கண்ணில் பட்டது. எனக்கு ஒடிந்தது இடது கை. வாயில் நுரையோடு என் இரண்டு கையையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தேன், கட்டை விரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று. பின்னால் பக்கெட்டோடு நின்ற பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். தகட்டைத் திருப்பிப் போட்டால் வலது இடது ஆகிவிடும் என்று அப்புறம்தான் புத்திக்கு எட்டியது, அப்பாடா என்று இருந்தது, வாய் கொப்பளித்து முடிப்பதற்குள் அந்த அப்பாடாவும் போய்விட்டது. கைக்கு ஒன்றும் இல்லை, கை கூடிவிட்டது, டாக்டரே பிடித்து அழுத்திப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொல்லிவிட்டார். சகாயம்மா வேண்டிக்கொண்டது கை கூடுவதற்கு இல்லை. இந்தப் பிள்ளை மறுபடியும் சைக்கிள் ஏறி ஓட்டினால் நான் வேளாங்கண்ணிக்கு வந்து வெள்ளியில் ஒரு கை வைக்கிறேன் தாயே, என்று வேண்டிக்கொண்டிருக்கிறார். நான் ஓட்டுகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கிளம்பிப் போய்விட்டார். இன்றைக்கு ஒன்பது மணிப் பூசை முடிந்ததும் அந்தக் கையை வைத்துவிடுவார். நான் ஓட்டவில்லை.

பூசை என்றால் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. சர்ச்சுக்குள் ஒருமுறைகூடப் போனதில்லை. கோயிலில் நடக்கிற அபிஷேகம் போல இழுக்குமா, பள்ளிக்கூடத்து பிரேயர் போலச் சட்டென்று முடிந்துவிடுமா. இதை யாரிடம் கேட்பது. அறையில் கூட இருப்பவள் ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி பார்க்கிறவள், நான் எழுந்திருக்கும்போது அவள் போர்வைக்குள் போய்விடுவாள், எங்களுக்குள் பேச்சு என்பது ஃபேனைக் கூட்டவா குறைக்கவா என்பதுதான். இதோ மெயின் ரோடு. பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் பஸ், நடுவில் ஸ்கூல் வேன். இங்கே ஏற முடியாது, இங்கே யாராலும் ஏற முடியாது, பால் பூத்தைத் தாண்டினால் ரோடு கொஞ்சம் அகலம், அங்கே ஏறிக்கொள்ளலாம். நேற்றும் பால் பூத் என்றுதான் நினைத்தேன். பால் பூத் வந்ததும் மருந்துக்கடை, மருந்துக்கடை வந்ததும் பஸ் ஸ்டாப், அப்படியே நினைத்துக்கொண்டே நடந்தால் ஆபீஸ் வந்துவிடுகிறது. இடது கை ஹேண்டில்பாரை இறுக்கிக்கொண்டு இருக்கிறது, நான் இறுக்கச் சொல்லவில்லை. ப்ளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள் இது, முன்கூடைக்கு மேலே முத்திரைத் தகடு இன்னும் இருக்கிறது. என்னோடு வாங்கியவர்கள் அதை எப்போதோ விற்றுவிட்டார்கள். நான் இதில்தான் காலேஜுக்கும் போனேன், பி.காம். முடித்து வேலை கிடைத்தபோது பஸ் மேலே ஏற்றித் திருச்சிக்குக் கொண்டுவந்தேன். "ஏம்மா, வேலைக்குப் போறியா, ஒம்பதாவது படிக்கப் போறியா" என்று கண்டக்டர் கேட்டார். ஊரிலிருந்து இங்கே என்னோடு வந்த ஒரே ஆள் இதுதான். அப்படி இருந்தும் அதன் மேல் உட்கார முடியவில்லை. பக்கத்தில் நடக்கிறேன், சண்டை போட்டுக்கொண்டவர்கள் ஒரே கல்யாணத்துக்குப் போவது போல.

சகாயம்மாவை எனக்குத் தெரிந்ததே அவர் என்னைக் கீழே தள்ளியதால்தான். புத்தூர் நாலு ரோட்டுக்கு முன்னால் ஒரு டெய்லர் கடை, அதன் எதிரே ஓரமாக ஒரு வெள்ளை கார் நின்றிருந்தது. நான் அதைத் தாண்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான், வேறு எதையும் நினைக்கவில்லை, இப்போது நினைத்துப் பார்த்தால் எதையும் நினைக்காமல் சைக்கிள் ஓட்டிய கடைசி நொடி அது. டிரைவருக்குப் பின்னால் இருந்த கதவு திறந்தது. சத்தம்கூடக் கேட்கவில்லை, ஒரு சின்ன 'டிக்', பேனா மூடி போடுகிற மாதிரி. அப்புறம் தார் ரோடு கன்னத்துக்கு மிகப் பக்கத்தில் இருந்தது, சூடாக இருந்தது, அதில் ஒரு நசுங்கிய குளிர்பான மூடி ஒட்டியிருந்தது, எனக்குப் பின்னால் ஒரு பஸ் நின்றுகொண்டு உறுமிக்கொண்டிருந்தது. நின்றுவிட்டதா, நிற்கப்போகிறதா என்று தெரியாத அந்த உறுமல். ஐயோ பாப்பா, ஐயோ பாப்பா என்று ஒரு குரல். தலைக்கு அடியில் மெத்தென்று ஏதோ வந்தது, அது அவருடைய மடி. புதுப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். காரை ஓட்டி வந்த அவருடைய தம்பி மேலே நின்றுகொண்டு, "பாப்பாவும் கொஞ்சம் பார்த்து வந்திருக்கலாம்" என்றார். "வாய மூட்றா, கதவத் தெறந்தது நான்" என்று அவர் கத்திய கத்தலில் சுற்றி நின்ற கூட்டம் ஒரு அடி பின்னால் போனது. எனக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்தது. அதே காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கார்க் கதவை அவரே இரண்டு கையாலும் பிடித்து மெல்லச் சாத்தினார், தூங்குகிற குழந்தையின் அறைக் கதவைச் சாத்துவது போல.

அம்மா வந்தாள். வார்டில் தரையில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டாள், எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதுல எதுடி ஒடஞ்சது?" என்று என்னைக் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதானே, ஏதோ ஒரு கோட்டைத் தொட்டுக் காட்டினேன், அவள் அந்தக் கோட்டைத் தடவித் தடவி அழுதாள், அது சாதாரண நிழலாகக்கூட இருக்கலாம். நடவு ஆரம்பித்ததும் அவள் போய்விட்டாள், போகாமல் எப்படி. அதற்கப்புறம் போனில், சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வலி இருக்கா, இல்ல, சரி வச்சிரவா. பயமாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்ல முடியாது. எங்கள் தெருவில் யாராவது பிள்ளைகள் இருட்டுக்கு அழுதால், "சங்கவியப் பாரு, தன்னந்தனியா திருச்சில இருக்கா" என்று சொல்கிறார்களாம். அம்மா அதை என்னிடம் சொல்லும்போது அவள் குரல் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்தக் குரலை எடுத்துக்கொண்டு நான் என்ன செய்வது. கட்டுப் போட்ட கையோடு ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் தலை பின்ன முயன்று முடியாமல் விட்டுவிட்ட சாயங்காலத்தில்தான் சகாயம்மா முதல்முறை போன் செய்தார். ஜெபமாலை சொல்லி முடித்த கையோடு என்றார். அதற்கப்புறம் தினமும். "என்ன சாப்ட? சாம்பாரா? ஹாஸ்டல் சாம்பார்ல பருப்பு இருந்துச்சா, பருப்போட போட்டோ இருந்துச்சா?" என்பார். ஆன்ட்டி என்று கூப்பிட்டேன், "கை ஒடச்சவளுக்கு ஆன்ட்டி ஒரு கேடா, அம்மான்னு கூப்புடு, திட்றதுக்கும் வசதியா இருக்கும்" என்றார். அவருடைய மகன் மஸ்கட்டில், பேரன் வீடியோ காலில் வந்தால் முகத்தைக் காட்டிவிட்டு ஓடிவிடுகிறான். டெய்லரிடம் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை அவர் இன்னும் வாங்கவே இல்லை. அந்த ரோட்டுப் பக்கம் போகப் பிடிக்கவில்லை, போனா கார்க் கதவுல கை வைக்கவே பயமாருக்கு கண்ணு, என்றார். எனக்கும்தான் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அப்போது சொல்லியிருந்தால் ஒரே ரோட்டுக்குப் பயந்த இரண்டு பேராக இருந்திருப்போம்.

மருந்துக்கடையைத் தாண்டிவிட்டேன். "பஞ்சராம்மா?" என்று பைக்கில் போகிற ஒருவர் கேட்டுக்கொண்டே போகிறார். ஆமாம் என்று தலையை ஆட்டுகிறேன். தினமும் யாராவது கேட்கிறார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவளைப் பார்த்தால் இந்த ஊரில் கேட்காமல் இருக்க முடியாது போல. பூ விற்கிறவர் கேட்பார், கல்லூரிப் பையன்கள் கேட்பார்கள், போலீஸ்காரர் ஒருவர் ஒருநாள் கேட்டார், ஒரு அம்மா ஆட்டோவை நிறுத்தி, "உள்ள வா கண்ணு, சைக்கிள மேல கட்டிக்கலாம்" என்றே சொல்லிவிட்டார், அவரைக் கெஞ்சி அனுப்பவேண்டி வந்தது. எல்லோருக்கும் ஒரே பதில், பஞ்சர். இத்தனை பஞ்சர் ஒரு டயருக்கு விழுந்திருந்தால் அது சல்லடையாகியிருக்கும். அவர்கள் நல்லவர்கள், கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், நான் சொல்வதை நம்பிவிடுகிறார்கள், நம்புவதுதான் கஷ்டமாக இருக்கிறது. டயரில் காற்று கல் மாதிரி இருக்கிறது. சகாயம்மாவின் தம்பிதான் சைக்கிளைச் சரிசெய்து அனுப்பினார், புது முன்சக்கரம், புது செயின், நான் கேட்காமலே ஒரு புது மணி. அதைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன அன்று சாயங்காலம் போனில் சகாயம்மா முதல் கேள்வியே, "ஓட்டிப் பாத்தியா?" அடுத்த நாளும், "ஓட்டிப் பாத்தியா?" அடுத்த நாள், அடுத்த நாள். அவர் கேட்கும்போது குரல் கொஞ்சம் இறங்கும். ஜுரம் இருக்கிறதா என்று நெற்றியில் கை வைக்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வது போல அந்தப் பக்கம் ஒரு மௌனம் வரும். இல்லம்மா, நாளைக்கு, இல்லம்மா, மழை, இல்லம்மா, ஆபீஸ்ல ஆடிட். ஒருநாள் அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன், நேத்துலேருந்து சைக்கிள்லதாம்மா போறேன் என்று. அந்தப் பக்கம் அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பெரிய மூட்டையைத் தலையிலிருந்து இறக்கிவைத்த மூச்சு. அப்புறம் அழுதார். மறுநாள் காலையில் நான் சைக்கிளை வெளியே எடுத்தேன், சொன்னதைப் பாதியாவது உண்மையாக்கலாம் என்று. அந்தப் பாதியோடுதான் இன்னும் நடந்துகொண்டிருக்கிறேன்.

அதற்கப்புறம் போன் குறைந்தது. முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மட்டும். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கையை ஒடித்தவர் கை சரியாகும் வரைக்கும் கேட்பார், சரியான பிறகு எதற்குக் கேட்க வேண்டும். ஏழு மணிக்கு மேல் போனைச் சத்தத்தில் வைத்துக் கட்டிலில் மல்லாக்கப் போட்டிருப்பேன், எதற்கும் இல்லை, அப்படி ஒரு பழக்கம். நேற்று கூப்பிட்டார். வேளாங்கண்ணியிலிருந்து. "கடல் சத்தம் கேக்குதா பாரு" என்று போனைத் தூக்கிப் பிடித்தார், எனக்குக் காற்று மட்டும் கேட்டது, கேக்குதும்மா என்றேன். கை வாங்கிவிட்டதாகச் சொன்னார், கடையில் கால், கண், வீடு, தொட்டில் எல்லாம் தொங்குகிறது என்றார், "கடைக்காரன் சின்னக் கை இருக்கு பெரிய கை இருக்கு எது வேணும்ங்கிறான், ஆம்பளக் கையாட்டம் இருந்துச்சு எல்லாம், தேடித் தேடி ஒன் கை மாதிரி ஒண்ணு எடுத்தேன்." நான் சிரித்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அம்மா, நான் இன்னும் ஏறல, தள்ளிக்கிட்டுத்தான் போறேன். அதற்குள் அவரே, "நாளைக்கு ஒம்போது மணிப் பூசை முடிஞ்சதும் வச்சிருவேன் கண்ணு. அதோட எங் கடன் தீந்துச்சு" என்றார். நிம்மதியாகச் சொன்னார். கடன் தீர்ந்தது என்றால் என்ன அர்த்தம் என்று இரவு முழுக்கப் புரண்டேன். ஒரு அர்த்தமும் இல்லாமல்கூடச் சொல்லியிருக்கலாம். வேண்டிக்கொண்டவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், எங்கள் அம்மாவும் சமயபுரத்துக்கு முடி கொடுத்துவிட்டு வந்து அதையேதான் சொன்னாள். அதே அம்மாதான் சொல்வாள், வேண்டுதல்ல மட்டும் வெளையாடக் கூடாதுடி என்று. நடக்காத காரியத்துக்கு நன்றி சொல்லிக் கை வைத்துவிட்டால் அது யாரைச் சேரும். எனக்கு அந்த மாதாவைத் தெரியாது. அந்த மாதாவுக்கும் என்னைத் தெரியாது, ஆனால் சகாயம்மாவைத் தெரிந்திருக்கும், தெரிந்த இடத்தில் போய் அந்த அம்மா என் பொய்யைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்கப்போகிறார், அவருக்கே தெரியாமல்.

போன் பண்ணிச் சொல்லிவிடலாம். இப்போதே. பஸ் ஸ்டாப்பில் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு போனைக் கையில் எடுத்துவிட்டேன். ஒன்பதரை தாண்டிவிட்டது. சொன்னால் என்ன ஆகும். வைக்கவேண்டிய கையை அவர் பர்ஸில் போட்டுக்கொண்டு திரும்பி வருவார். கொஞ்சம் திட்டுவார், கழுத, எதுக்குடி பொய் சொன்ன என்பார், அப்புறம் அழுவார், அப்புறம் சாயங்காலம் போன் செய்வார். ஓட்டிப் பாத்தியா. நாளைக்கும் செய்வார். ஓட்டிப் பாத்தியா. நான் ஓட்டாத வரைக்கும் செய்துகொண்டே இருப்பார். இதை நினைத்ததும் காது மடல் சூடாகிவிட்டது, பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். உண்மையைச் சொல்வதுதான் சரி, அதில் சந்தேகம் இல்லை, ஆனால் அது சரி என்பதற்காகவா போனை எடுத்தேன். அவர் நம்பருக்கு மேலே விரல் நிற்கிறது. அந்தப் போட்டோ, அந்தச் சின்ன வெள்ளிக் கை. என் கை மாதிரி ஒன்றைத் தேடித் தேடி எடுத்தாராம், என் கையை அவர் எத்தனை முறை பார்த்திருப்பார், கட்டோடு பார்த்ததுதான் அதிகம். ஒருவேளை நான் ஏறாமல் இருப்பதே அந்தச் சாயங்காலப் போனுக்காகத்தானோ. இல்லை. கார்க் கதவைப் பார்த்தால் கால் தானாக ஓரம் ஒதுங்குவது நடிப்பு இல்லை. அது நிஜம். ஆனால் அந்த நிஜத்துக்கு நான் நல்ல இடம் கொடுத்து உட்காரவைத்து, தினமும் தண்ணீர் கொடுத்து வைத்திருக்கிறேனோ என்னவோ. இந்நேரம் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார்களா, முட்டி போட்டிருப்பார்களா, அவருக்கு முட்டி வலி, முட்டி போட்டால் எழுந்திருக்க ஆள் வேண்டும். போனைப் பையில் போட்டுக் கூடையில் வைத்துவிட்டு ஸ்டாண்டைத் தட்டுகிறேன். பஸ் ஸ்டாப்பைத் தாண்டி ஏறிக்கொள்ளலாம்.

பஸ் ஸ்டாப்பையும் தாண்டியாயிற்று. தூரத்தில் டெய்லர் கடை போர்டு தெரிகிறது, அதற்கு முன்னால் வரிசையாக நிற்கும் கார்கள், ஒன்று, இரண்டு, எண்ண வேண்டாம். எல்லாம் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. இப்போதெல்லாம் நிற்கிற காரைப் பார்த்தால் உள்ளே தலை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன், தலை இருந்தால் கதவு திறக்கும், சீட்டின் மேல்பகுதியும் தலை மாதிரியே இருக்கிறது, அதனால் எல்லாக் காரிலும் ஆள் இருக்கிறது, எல்லாக் கதவும் திறக்கப்போகிறது. நடக்கிறவளுக்கு இது ஒன்றும் இல்லை, ஓரமாக ஒதுங்கிவிடலாம், நடக்கிறவளை யாரும் தள்ளப்போவதில்லை. "என்னா பாப்பா, பஞ்சரா?" தள்ளுவண்டியில் கொய்யா அடுக்கிக்கொண்டிருக்கிற ஆள். தினமும் இந்த இடத்தில்தான் நிற்கிறார், ஒருநாளும் கேட்டதில்லை, பார்ப்பதோடு சரி. இல்லை என்கிறேன். எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது, வாய் பழக்கத்துக்கு ஆமாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். "பஞ்சர் இல்லியா? செயின் கழண்டுச்சா?" இல்லை. "பிரேக்கு?" எல்லாம் நல்லா இருக்குண்ணே. அவர் கொய்யாவைக் கையில் வைத்துக்கொண்டு சைக்கிளையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார். "எல்லாம் நல்லாருக்கு, அப்புறம் என்னாத்துக்குத் தெனமும் தள்ளிக்கிட்டே போற? சைக்கிளுக்கு சுகரா, டாக்டர் வாக்கிங் போகச் சொல்லிட்டாரா?" பக்கத்தில் பழம் வாங்கிக்கொண்டிருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். எனக்கும் சிரிப்பு வருகிறது, சிரிப்போடு அழுகையும் வருகிறது, இரண்டும் ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டு எதுவும் வெளியே வரவில்லை. பயமா இருக்குண்ணே, என்கிறேன். நான்தான் சொன்னேன். இத்தனை நாளில் யாரிடமும் சொல்லாத வார்த்தையை, பெயர் தெரியாத ஒரு ஆளிடம், கொய்யாப்பழத்துக்கு முன்னால். அவர், "ம்" என்றார். அவ்வளவுதான். என்ன பயம், ஏன் பயம் என்று கேட்கவில்லை, தைரியமாப் போ என்றும் சொல்லவில்லை, அந்தப் பெண்ணுக்குச் சில்லறை தேட ஆரம்பித்துவிட்டார். சொன்னதற்கு ஒன்றுமே ஆகவில்லை. வானம் இடிந்து விழவில்லை, பஸ்கள் நிற்கவில்லை. இதைச் சொல்லாமல் காப்பாற்றிக்கொண்டா இவ்வளவு தூரம் நடந்தேன்.

வலது காலைத் தூக்கி அந்தப் பக்கம் போடுகிறேன். சீட் உயரமாக இருக்கிறது, சகாயம்மாவின் தம்பி உயர்த்தி வைத்துவிட்டார் போல, இதுவரைக்கும் உட்கார்ந்து பார்த்திருந்தால்தானே தெரிந்திருக்கும். கால் நுனி மட்டும் தரையைத் தொடுகிறது. பின்னால் பார்க்கிறேன், ஒரு லாரி, அது போகட்டும், ஒரு பஸ், அதுவும் போகட்டும். பஸ் போன பிறகு கொஞ்சம் காலி. உந்துகிறேன். ஹேண்டில்பார் இடம் வலமாக ஆடுகிறது, நேராக வை, எதை நேராக வைப்பது, கையையா, கண்ணையா, ஒரு மிதி, பாதம் நழுவுகிறது, இன்னொரு மிதி. போகிறது. பாதி கோணலாகப் போகிறது, பின்னால் ஒருவர் ஹாரன் அடிக்கிறார், அடிக்கட்டும். முதல் கார், உள்ளே தலை இல்லை, சீட். சீட்தான். இரண்டாவது காரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி வா, இன்னும் தள்ளி, நடு ரோட்டுக்கே வந்துவிடாதே. மணிக்கட்டில் சூடாக ஒரு கோடு இழுக்கிறது, அம்மா தடவிய கோடு அங்கேதான் இருந்ததா. டெய்லர் கடை. கண்ணாடிக்குப் பின்னால் தைத்து முடித்த ஜாக்கெட்டுகள் தொங்குகின்றன. கடைக்கு எதிரே சிவப்பு கார், அதில் தலை. நிஜத் தலை, அசைகிறது. கதவின் பக்கம் சாய்கிறது. மணியை அடிக்கிறேன், விடாமல் அடிக்கிறேன், ஐஸ் வண்டிக்காரர்கூட இப்படி அடிக்கமாட்டார். தலை திரும்பிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்க்கிறது, நடுவயது ஆள், மூக்குக்கண்ணாடி போட்டவர், கதவில் கை வைத்தபடி அப்படியே இருக்கிறார். நான் அவரைக் கடக்கிறேன். கதவு என் முழங்கைக்கு அந்தப் பக்கம் மூடியே இருக்கிறது. கடந்துவிட்டேன். முதுகு முழுக்க வேர்வை, தள்ளிக்கொண்டு வந்தால் வேர்ப்பதைவிட அதிகம். வாய் திறந்தே இருக்கிறது, உள்ளே ரோட்டுப் புழுதி போகிறது, மூட மறந்துவிட்டேன்.

கூடைக்குள் போன் அடிக்கிறது. எனக்கு யார் இந்த நேரத்தில் கூப்பிடுவார்கள், அம்மா வயலில் இருப்பாள், ஆபீஸில் யாரும் கூப்பிடமாட்டார்கள். அவர்தான். பூசை முடிந்திருக்கும். வைத்துவிட்டாரா, வைக்கப்போகிறாரா, வைப்பதற்கு முன்னால் ஒருமுறை என் குரலைக் கேட்க வேண்டும் என்று தோன்றியிருக்குமா. பையின் ஜிப் பாதி திறந்து கிடக்கிறது, திரையின் வெளிச்சம் தெரிகிறது, பெயர் தெரியவில்லை. எடுக்க வேண்டுமென்றால் ஒரு கையை விட வேண்டும், இடது கையை விட முடியாது, அது விடாது, வலது கையை விட்டால் இடது கையை மட்டும் நம்ப வேண்டும். நிறுத்த வேண்டுமென்றால் காலை ஊன்ற வேண்டும், ஊன்றினால் மறுபடி ஏறுவேனா என்று எனக்குத் தெரியாது, அதைப் பற்றி நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கமாட்டேன். அது அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சாயங்காலமும் கட்டிலில் மல்லாக்கப் போட்டுக்கொண்டு நான் காத்திருந்த சத்தம், இப்போது என் முழங்காலுக்கு முன்னால், கை எட்டும் தூரத்தில். நாலு ரோட்டு சிக்னல் தெரிகிறது, பச்சை. பின்னால் பஸ் ஹாரன், இந்த முறை நான் ஓரமாக ஒதுங்கவில்லை, என் இடத்திலேயே நேராகப் போகிறேன், பஸ் என்னைச் சுற்றிக்கொண்டு போகிறது. "அப்புறம் பேசறம்மா, வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன்" என்று சத்தமாகவே சொல்கிறேன், பக்கத்தில் ஸ்கூட்டரில் போகிறவர் திரும்பிப் பார்த்துவிட்டு, காதில் ஏதாவது மாட்டியிருக்கிறேனா என்று தேடுகிறார். கூடைக்குள் சத்தம் ஓய்ந்துவிட்டது. பச்சை எந்த நேரமும் மாறிவிடும். எழுந்து நின்று மிதிக்கிறேன்.